லாரிக்கு ஐதரஜன் பெட்டி: டீசல் மிச்சமாகுமா?



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. டீசலைப் பற்றிப் பேசப் போகிறேன். சென்ற மாதம் காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நிலக்கடலை வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு விவசாயி என்னை நிறுத்தினார். சொந்தமாகப் பழைய லாரி ஒன்று வைத்திருக்கிறார். தம் வெண்டையையும் கத்தரியையும், அக்கம்பக்கத்தார் காயையும் ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்குப் போய் வருகிறவர்.

"சார், தண்ணியை காஸ் ஆக்கி எஞ்சினுக்கு விடுற பெட்டி ஒண்ணு வந்திருக்காம். டீசல்ல கால் பங்கு மிச்சமாம். நாமளே மாட்டிக்கலாமாம். வீட்டுல வளையலை வைச்சுப் பணம் புரட்டிட்டேன். வாங்கலாமா?" என்று கேட்டார்.

வளையல் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. வண்டி நிழலிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது சில எவர்சில்வர் தகடுகளும், காரம் கலந்த தண்ணீரும்தான். பேட்டரி கரண்டை உள்ளே செலுத்தினால் தண்ணீர் ஐதரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். இது 1800-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்த சங்கதி, பொய்யில்லை. அந்த காஸை ஒரு குழாய் வழியாக ஏர் கிளீனருக்குப் பின்னால் விடுகிறார்கள். எஞ்சினுக்குள் போய் எரியவும் செய்யும். அதுவும் பொய்யில்லை. பொய் எங்கே இருக்கிறதென்றால், மிச்சத்தில்.

பெட்டியில் ஆறு அறை, 12 வோல்ட், 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 75 லிட்டர் ஐதரஜன் வரும். 75 லிட்டர் என்றதும் மலைத்துவிடாதீர்கள், அது காற்று மாதிரியான பொருள். நிறுத்துப் பார்த்தால் 7 கிராம்கூட தேறாது. அது எரிந்து தரும் சூடு சுமார் 22 மில்லி டீசல் தருகிற சூடு. ஒரு சின்ன மருந்து மூடி அளவு!

இனி செலவைப் பாருங்கள். அந்தக் கரண்டு பேட்டரியில் தானாக ஊறுவதில்லை, டைனமோ கொடுக்கிறது. டைனமோவைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சினைச் சுற்றுவது டீசல். டீசலின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சினில் வேலையாக மாறும். மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் போய்விடும். டைனமோவும் தன் பங்குக்குப் பாதியை விழுங்கும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால், அந்த 30 ஆம்பியர் கரண்டுக்கு மணிக்குச் சுமார் 200 மில்லி டீசல் எரிகிறது. 200 கொடுத்து 22 வாங்குகிற வியாபாரம் இது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கே சொன்னதுபோல் இருக்கிறது.

இன்னொரு விதமாகவும் சொல்வார்கள்: காஸ் கொஞ்சம்தான், ஆனால் அது டீசலை முழுதாக எரியவைக்கிறது என்று. நல்ல நிலையிலுள்ள டீசல் எஞ்சினில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் ஏற்கெனவே எரிந்துதான் போகிறது. எரியாதது இரண்டு பங்குகூட இல்லாதபோது அதிலிருந்து கால் பங்கு மிச்சம் எப்படி வரும்?

"அப்போ மாட்டினவங்க மிச்சம்னு சொல்றாங்களே?" என்று அவர் விடவில்லை. நியாயமான கேள்வி. பெட்டி மாட்டுகிற அன்றைக்கே மெக்கானிக் ஏர் கிளீனரைத் துடைப்பார், டயரில் காற்று அடிப்பார். பணம் போட்டவர் ஆக்ஸிலேட்டரைப் பதமாக மிதிப்பார். மிச்சம் அதனால் வந்தது. பெயர் பெட்டிக்குப் போகிறது. சோதிக்க வேண்டுமென்றால் ஒரே பங்கில் கழுத்துவரை டீசல் நிரப்புங்கள். அதே பாரம், அதே ரோடு. மூன்று நடை பெட்டி ஓட, மூன்று நடை ஓடாமல். எது எந்த நடை என்று டிரைவருக்குத் தெரியக் கூடாது. விற்பவர் இதற்குச் சம்மதிக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

நஷ்டத்தோடு போனாலும் பரவாயில்லை, ஆபத்தும் இருக்கிறது. நானும் அறிவியல் படித்தவன்தான். ஆனாலும் பல வருடம் முன்பு ஆசை யாரை விட்டது! என் மோட்டார் சைக்கிளில் கண்ணாடி பாட்டிலை வைத்து இதைச் செய்து பார்த்தேன். எஞ்சின் ஒருமுறை பின்னடித்தது. தீ குழாய் வழியே திரும்பி வந்து பாட்டில் வெடித்தது. கார நீர் முழங்கையில் பட்ட தழும்பு இன்றும் இருக்கிறது. கண்ணில் பட்டிருந்தால் உங்கள் முன் இன்று பேசியிருக்க மாட்டேன். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஐதரஜன் கலந்தாலே தீப்பிடிக்கும். பெட்டியிலிருந்து வருவதோ ஆக்சிஜனோடு சேர்ந்தே வருகிறது; ஒரு பொறி போதும். கார நீர் பட்டுவிட்டால் உடனே நிறைய தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தண்ணீரில் வண்டி ஓட்டும் ஆசை நமக்குப் புதிதல்ல. 1996-இல் ராமர் பிள்ளையின் மூலிகைப் பெட்ரோல் தமிழ்நாட்டையே அமர்க்களப்படுத்தியது. 2016-இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது.

அப்படியானால் ஐதரஜனே மோசடியா என்றால், இல்லை. நம் பக்கத்து எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்டு, ரிலையன்ஸோடு சேர்ந்து ஐதரஜனில் ஓடும் கனரக லாரியை 2023 பிப்ரவரியில் பெங்களூரில் காட்டியது. ஆனால் அதில் ஐதரஜனை வெளியே தயாரித்து, உறுதியான உருளையில் அடைத்து, அதற்கென்றே மாற்றியமைத்த எஞ்சினுக்குக் கொடுக்கிறார்கள். தன் டீசலைக் கொண்டே தனக்குத் தீனி செய்வது வேறு. கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரைக் கிணற்றிலேயே கொட்டி, அந்த வேகத்தில் பம்ப்பை ஓட்டுவதற்குச் சமம் அது.

டீசலை மிச்சப்படுத்த வழியே இல்லையா? இருக்கிறது. துறைமுக ரோட்டில் கண்டெய்னர் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது எஞ்சினை அணையுங்கள். சும்மா உறுமும் டிராக்டரே மணிக்கு ஒரு லிட்டர் வரை குடிக்கும். அந்தப் பெட்டி ஒரு மணி நேரம் பாடுபட்டுத் தரும் 22 மில்லியை, ஒன்றரை நிமிடம் எஞ்சினை நிறுத்தியே சம்பாதித்துவிடலாம். கரும்புகை வந்தால் ஏர் கிளீனரையும் நாசிலையும் பாருங்கள். டீசல் குழாய் மூட்டில் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் மண்ணுக்குப் போகும். டயர் காற்றை வாரம் ஒருமுறை அளவு பாருங்கள். டீசல் பம்ப்செட் வைத்திருப்பவர்கள் ஃபுட் வால்வை ஒரு பார்வை பாருங்கள். நல்ல வால்வும் பி.வி.சி. குழாயும் போட்டால் எஞ்சினின் பாரம் குறையும்.

அன்றைக்கு அந்த லாரியின் ஏர் கிளீனரைக் கழற்றினோம். உள்ளே கடலைத் தொலியும் செம்மண்ணும் அடையடையாக இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மீஞ்சூர் போய் வளையலை மீட்டு வந்துவிட்டதாகத் தகவல் சொன்னார். முழு டேங்க் கணக்கை எழுதிக்கொண்டு இந்த மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.