தலைவிதியும் சட்டவிதியும்

(வண்டலூரில் பேசிய பேச்சின் சுருக்கம்)



கவர்னருக்குள்ள அவசர அதிகாரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன். நமக்கும் கவர்னருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நம் பிள்ளைகளின் உயிர்தான் சம்பந்தம்.

2012ஆம் வருஷம் ஜூலை 25ந் தேதி, பக்கத்திலுள்ள முடிச்சூரில், பள்ளிக்கூட பஸ்ஸின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி மாண்டது. 'ஓடத் தகுதியானது' என்று சர்க்கார் சான்று பெற்ற வண்டி அது!

இப்படிப்பட்ட சாவுகளுக்கு நம் ஜனங்கள் சொல்லும் சமாதானம், "எல்லாம் விதி" என்பதாகும். நானும் விதி என்றே சொல்லுகிறேன். ஆனால் அது பிரம்மா எழுதிய தலைவிதியல்ல. மனிதன் போதுமான அளவு எழுதாமலும், எழுதியதைக் கவனிக்காமலும் விட்ட சட்டவிதி. இதற்கு ருசு என்ன? ஹைக்கோர்ட் தானாகவே விஷயத்தைக் கையிலெடுத்தது. அதே வருஷத்தில் பள்ளி வண்டிகளுக்கென்று தனி விதிகள் வந்துவிட்டன. மஞ்சள் வர்ணம், ஏற்றி இறக்க உதவியாள், அவசர வழி, வேகத்தை அடக்கும் கருவி எல்லாம் எழுதப்பட்டன. குழந்தை உயிரோடிருந்தபோது எழுத முடியாதது, செத்த சில மாதத்தில் எப்படி முடிந்தது? பிரம்மா பேனாவை மாற்றிக்கொண்டாரா?

கும்பகோணத்திலும் 2004 ஜூலை 16ந் தேதி 94 குழந்தைகள் வெந்து மடிந்த பிறகே பள்ளிகளின் கீற்றுக் கூரைகளைப் பிரிக்கும் வேலை மும்முரமாயிற்று.

விதி மட்டுமல்ல, சட்டமே போதாவிட்டாலும் வழியுண்டு. சட்டசபை கூடாத காலத்தில், அரசியல் சட்டம் 213ஆவது பிரிவின்படி கவர்னர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். பிறகு சபை கூடி ஆறு வாரத்திற்குள் அது நிறைவேற்றப்படாவிட்டால் செல்லாது போகும். கவர்னர் மந்திரிகளின் யோசனைப்படி செய்ய வேண்டியவர். மந்திரிகளோ ஜனங்கள் அசைந்தால்தான் அசைவார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக ஜனங்கள் மெரினாவில் திரண்டார்கள். 21ந் தேதி அவசரச் சட்டம், 23ந் தேதி சட்டசபையில் மசோதா! அது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. மாட்டுக்காக இவ்வளவு வேகமாக ஓடிய பேனா, குழந்தைக்காக ஓடக்கூடாதா?

ஆகவே தோழர்களே! வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழம் கட்டியிருப்பதைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். குனிந்து அடித்தளத்தைப் பாருங்கள். ஓட்டையிருந்தால் பிள்ளையை ஏற்றாதீர்கள், அதிகாரிக்கு எழுதுங்கள். விதி போதாதென்றால் ஊராகச் சேர்ந்து புது விதி கேளுங்கள். இன்னொரு பிணம் விழும்வரை காத்திருக்க வேண்டாம் என்று கூறி முடித்துக்கொள்ளுகிறேன்.