குடியிருப்பவர் யார் என்று பார்த்துப் பணம் போடுங்கள்

(பாலக்காட்டில் நடந்த கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



2024 ஆகஸ்டில், நம் கஞ்சிக்கோட்டுக்கு அருகே புதுசேரியில் 1,710 ஏக்கரில், 3,806 கோடி ரூபாய்த் திட்டமாகத் தொழில் நகரம் அமைக்க மத்திய மந்திரிசபை அனுமதி அளித்தது. அது முதல் நம்மவர்கள் பலரும் கேட்கும் கேள்வி, "தொழிற்பேட்டைக் கட்டிடங்களில் பணம் போட்டால் வாடகை வருமாமே, போடலாமா?" என்பதுதான். நான் முதலீட்டு ஆலோசகன் அல்லன். பௌதிகம் படித்து, சர்க்கார் பைல்களோடு காலம் கழித்தவன். ஆகவே போடலாம், கூடாது என்று சொல்லப் போவதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

பலர் பணத்தைச் சேர்த்துக் கட்டிடங்களை வாங்கி, வரும் வாடகையைப் பங்கிட்டுக் கொடுக்கும் அமைப்புக்கு ரீட் என்று பெயர். நம் நாட்டில் செபி 2014-ல் இதற்கு விதிகள் வகுத்தது. சொத்தில் குறைந்தது 80 சதவீதம் கட்டி முடித்து வாடகை தருவதாக இருக்க வேண்டும்; பங்கிடக்கூடிய பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தைப் பங்கிட்டாக வேண்டும். முதலாவது ரீட் 2019-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. இங்கே சாமானியர் வாங்கக்கூடியவை பெரும்பாலும் அலுவலகக் கட்டிடங்களும் மால்களுமே. தொழிற்கூடம், கிடங்கு ஆகியவற்றுக்கென்றே உள்ள ரீட்கள் சிங்கப்பூரில் 2002 முதல் இருக்கின்றன. அங்குள்ள நம் அங்கத்தினர்களுக்கு இது புதிதல்ல.

90 சதவீதம் என்று கேட்டதும் மனம் குளிர்கிறது. ஆனால் குடியிருக்கும் கம்பெனி நொடித்துப் போனால், எதில் 90 சதவீதம்?

வாடகைதாரரால் வரும் கஷ்டம் பாலக்காட்டு அக்ரஹாரங்களுக்குத் தெரியாததல்ல. பாட்டநெல் வந்து பத்தாயம் நிறைந்த காலம் ஒன்று இருந்தது. 1963-ஆம் வருஷத்திய நிலச் சீர்திருத்தச் சட்டம், 1969 திருத்தத்துக்குப் பின், 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையையே ஒழித்தது. நிலம் உழுத குடியானவருக்குச் சொந்தமாயிற்று. அதன் நியாயத்தை இன்று விவாதிக்க வேண்டாம். வருமானம் முழுவதும் பாட்டம் ஒன்றையே நம்பியிருந்த குடும்பங்கள் பம்பாய்க்கும் சென்னைக்கும் பிழைப்பு தேடிப் போனதை நாம் அறிவோம். அன்று குடியானவர் நிலத்தை விட்டுப் போகவில்லை. இன்று ரீட்டில் உள்ள பயம் நேர் எதிரானது: குடியிருப்பவர் போய்விடுவார். ஆகவே நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: குடியிருப்பவர்கள் எத்தனை பேர், யார்? சிங்கப்பூரில் 2016-ல் பட்டியலான ஈ.ஸி. வேர்ல்ட் ரீட் என்பதற்குச் சீனாவில் ஹாங்ஜோ முதலிய இடங்களில் கிடங்குகள் இருந்தன. அவற்றில் முக்கியமான வாடகைதாரர்கள், அந்த ரீட்டைத் தொடங்கிய குழுமத்தின் கம்பெனிகளே. அவர்களிடம் வாடகை பாக்கி விழுந்தது. ரீட்டின் கடன் சுமையும் நெருக்கியது. 2023 ஆகஸ்டு இறுதியில் யூனிட் வியாபாரமே நிறுத்தப்பட்டது. விற்றுவிட்டு வெளியே வரவும் வழியில்லை.

இரண்டாவது: ஒப்பந்தங்கள் எப்போது முடிகின்றன? அறிக்கையில் "சராசரி மீதிக் காலம் 5 வருஷம்" என்று போட்டிருப்பார்கள். வாடகையில் பாதிக்கு ஒரு வருஷமும், மறுபாதிக்கு 9 வருஷமும் மீதி இருந்தாலும் சராசரி 5 தான். ஆனால் அடுத்த வருஷமே பாதி வாடகை கேள்விக்குறி. சராசரியைப் பார்த்துத் திருப்தி அடையாமல், வருஷவாரியாக எத்தனை சதவீதம் முடிகிறது என்ற பட்டியலைப் பாருங்கள்.

மூன்றாவது: அவர் போனால் கட்டிடம் வேறொருவருக்கு உதவுமா? சித்தூர் பக்கத்துப் பிளாச்சிமடையை எடுத்துக்கொள்வோம். 2000-ல் தொடங்கிய கோகோ கோலா ஆலை, நிலத்தடி நீர் விவகாரத்தில் 2004 மார்ச்சில் நின்றது. 34 ஏக்கர் வளாகம் பதினேழு வருஷம் சும்மா கிடந்து, 2021-ல் கோவிட் சிகிச்சை மையமாகச் சிறிது காலம் உபயோகப்பட்டது. அது அப்போது கம்பெனியின் சொந்த இடம். ஒரு ரீட்டின் சொத்தாக இருந்திருந்தால், அத்தனை வருஷமும் வாடகை பூஜ்யம். சாதாரணக் கிடங்குக்கு வேறு ஆள் சீக்கிரம் கிடைப்பார். ஒரே தொழிலுக்கென்று கட்டிய ஆலைக்குக் கிடைப்பது கடினம்.

நான்காவது: கட்டிடம் ரீட்டுடையது, நிலம் யாருடையது? நம் மலையோர ஜில்லாவான இடுக்கியைப் பாருங்கள். 1877-ல் பூஞ்சார் ராஜாவிடமிருந்து மன்றோ துரை பெற்ற கண்ணன் தேவன் மலை நிலங்களை, 1971-ல் தனிச் சட்டம் இயற்றி சர்க்கார் மீட்டது. தேயிலைத் தோட்டத்துக்கு வேண்டிய பகுதி மட்டும் கம்பெனி வசம் விடப்பட்டது. சிங்கப்பூரில் தொழிற்பேட்டை நிலம் பெரும்பாலும் அரசு அமைப்பு குத்தகைக்குக் கொடுத்ததே. அங்கே ரீட்டே ஒரு குடியிருப்பாளர்தான்! குத்தகையில் எத்தனை வருஷம் பாக்கி என்று கேளுங்கள். வருஷம் குறையக் குறைய சொத்தின் மதிப்பும் குறையும்.

கடைசியாக ஒன்று. கிராமத்து வீட்டை விற்ற பணமும் ஓய்வுக்காலப் பணமும் திரும்பச் சம்பாதிக்கக் கூடியவை அல்ல. மாதச் செலவுக்கும் வைத்தியத்துக்கும் வேண்டியதை சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம் போன்றவற்றில் முதலில் ஒதுக்குங்கள். மிஞ்சியதில் ஒரு பகுதியை மட்டும், இந்த நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கிடைத்த பிறகு, ரீட்டில் போடலாமா என்று யோசியுங்கள். பதில்கள் ஆண்டறிக்கையில் இருக்கும். படிக்கக் கண் ஒத்துழைக்காவிட்டால் பேரன் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்கும் ஒரு பாடமாகும்.