பிற்பகல் மூன்று மணி வானம்



சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது உழவர் வழக்கு. கோடையில் ஒரு மழை பெய்ததும் நிலத்தை உழுது போட்டால், அடுத்து வரும் மழை வழிந்தோடாமல் மண்ணுக்குள் இறங்கும். உள்ளே ஒளிந்திருக்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் காயும், களையின் வேர் கருகும். ஆடியில் கேழ்வரகு விதைக்கப் போகிறவருக்குச் சித்திரையில் கிடைக்கும் அந்தப் புழுதி உண்மையிலேயே தங்கம்தான்.

கோலார் தங்கவயலில் இன்னொரு புழுதியும் இருக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது முதல் 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது வரை, பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. பதின்மூன்று குன்றுகளாக, மூன்று கோடி டன்னுக்கும் மேலாக ஊரைச் சுற்றி நிற்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது சயனைடு மேடு. சித்திரை மாதத்தில் இடிமழைக்கு முன்னால் ஒரு காற்று வீசுமே, அந்தக் காற்றுக்கு இந்த மேட்டிலிருந்துதான் முதலில் தூள் கிளம்புகிறது. மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் பக்கத்து வீடுகளிலும் அக்கம்பக்கத்துத் தோட்டத்து இலைகளிலும் அது படிகிறது. காற்றைத் தொடர்ந்து மழை வரலாம். ஆலங்கட்டி வரலாம். ஒன்றுமே வராமல் தூள் மட்டும் மிஞ்சவும் செய்யலாம்.

கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. பாலாறு இந்த மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறது, ஆனால் பெரும்பாலும் மணலாகவே கிடக்கிறது. ஏரியும் ஆழ்துளைக் கிணறும்தான் கதி. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து ஏரிகளை நிரப்புகிறார்கள் என்பதிலிருந்தே இங்குள்ள தண்ணீர்ப் பஞ்சத்தைப் புரிந்துகொள்ளலாம். மழையின் பெரும்பகுதி ஜூனுக்குப் பிறகுதான் விழுகிறது. சித்திரை, வைகாசியில் விழும் கோடை மழை அளவில் சிறியது. அப்படியிருந்தும் உழவர்கள் அதற்காக ஏங்குவதும் அதைக் கண்டு அஞ்சுவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

அஞ்சுவதற்கு முதல் காரணம் மாம்பழம். ஸ்ரீனிவாசபுரா வட்டாரம் கர்நாடகத்தின் மாந்தோப்பு. பாதாமி, ரஸ்புரி, மல்லிகா, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாறு பிழியும் ஆலைகளுக்குப் போகும் தோத்தாபுரி. ரத்தினகிரியில் ஏப்ரலிலேயே பழம் சந்தைக்கு வந்துவிடும். கோலார்ப் பழம் பிந்தியது, அறுவடை சூடுபிடிப்பது மே கடைசியில்தான். ஆகவே இடிமழை உச்சத்தில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் காய் முழு எடையோடு கிளையில் தொங்குகிறது. கால் மணி நேரச் சூறைக்காற்று ஒரு வருட உழைப்பைத் தரையில் கொட்டிவிடும். விழுந்த காயை ஊறுகாய்க்காரர் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். விழாமல் தப்பிய காயிலும் ஆலங்கட்டி பட்ட இடம் கறுத்து, அங்கே பூஞ்சணம் நுழைந்துவிடும். தோட்டக்காரர் நஷ்டத்தை எண்ணிப் பார்க்கும்போது இந்த இரண்டாவது சேதம் கணக்கிலேயே வராது. பத்து நாள் கழித்து மண்டியில் தரம் பிரிக்கும்போதுதான் தெரியவரும்.

இந்த இடிமழை எப்படி உருவாகிறது? காலையிலிருந்து வெயில் தரையைச் சுடவைக்கிறது. அரபிக்கடலிலிருந்தும் வங்கக்கடலிலிருந்தும் ஈரக்காற்று உள்ளே வருகிறது. விதர்பா, மராத்வாடா பக்கத்திலிருந்து கர்நாடக உள்மாவட்டங்கள் வழியே தமிழ்நாடு வரை வடக்கு தெற்காக ஒரு காற்றழுத்தத் தாழ்வுக்கோடு இந்த மாதங்களில் அடிக்கடி அமையும். இருபுறக் காற்றும் அந்தக் கோட்டை ஒட்டி மோதி மேலே எழும்பும். பிற்பகல் மூன்று மணிவாக்கில் வெள்ளைக் குவியலாகத் தெரிந்த மேகம் ஒரு மணி நேரத்துக்குள் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்ந்து, உச்சி பட்டையாக விரிந்துவிடும். ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்கு மேலே நீர் உறையும் குளிர். அங்கே உருவாகும் பனிக்கட்டி மேலெழும் காற்றில் ஏறி இறங்கித் தடித்து, தாங்க முடியாத எடை வந்ததும் விழுகிறது. கூடவே மேகத்துக்குள் குளிர்ந்த காற்றும் கீழே பாய்ந்து, தரையில் மோதி நாலாபக்கமும் சிதறுகிறது. மழைக்கு முன்னால் திடீரென்று முகத்தில் அறையும் குளிர்காற்று அதுதான்.

சென்னையும் தங்கவயலும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில் இருக்கின்றன. சென்னையில் ஆலங்கட்டி அபூர்வம், கோலாரில் அப்படியில்லை. தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருப்பது இதற்கு ஒரு காரணம். வெதுவெதுப்பான காற்றினூடே கட்டி விழ வேண்டிய தூரம் குறைகிறது, கரைவதற்கு நேரம் போதவில்லை.

இந்தச் சேதத்தில் மனிதரை அதிகம் குழப்புவது அதன் குறுக்களவுதான். கடலில் உருவாகும் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், சில நாள் முன்பே அறிவிப்பார்கள். கோடை இடிமேகமோ சில கிலோமீட்டர்தான். பேத்தமங்கலத்தில் ஆலங்கட்டி குவிந்திருக்க, பங்காருபேட்டையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். ஆயுள் ஒரு மணி, இரண்டு மணி நேரம். அதனால் மாவட்டம் முழுவதற்கும் பொதுவாகச் சொல்லப்படும் எச்சரிக்கையைக் கேட்டுக் கேட்டு, ‘நமக்கு ஒன்றும் வரவில்லையே’ என்று உழவர் அலட்சியமாகிவிடுகிறார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

தென்னிந்தியாவின் டாப்ளர் ரேடார்கள் பெரும்பாலும் கடற்புயலைக் கண்காணிக்கக் கரையோரத்தில் நிறுவப்பட்டவை. சென்னை ரேடார் 2002-இல் வந்தது. அங்கிருந்து தங்கவயல் 200 கிலோமீட்டருக்கும் அப்பால். பூமி வளைந்திருப்பதால், ரேடார் கற்றை இங்கே வந்து சேரும்போது தரைக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் மேலே போய்க்கொண்டிருக்கும். மேகத்தின் தலை தெரியும், காலடியில் நடப்பது தெரியாது. அந்தக் குறையைத் தரையிலிருந்து ஈடுசெய்யக் கர்நாடகம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 1988-இல் வறட்சியைக் கண்காணிக்கத் தொடங்கிய பிரிவு வளர்ந்து, இன்று மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமாக எலகங்காவில் இயங்குகிறது. கிராமப் பஞ்சாயத்துதோறும் தானியங்கி மழைமானிகளை வைத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் பெறுகிறது.

ஒரே கோடை எப்படி இரண்டு விதமாக அடிக்கும் என்பதற்கு அண்மை ஆண்டுகளே சாட்சி. 2024 ஏப்ரலில் பெங்களூரில் ஒரு துளி மழை பதிவாகவில்லை. நாற்பது ஆண்டுகளில் அப்படி நடந்ததில்லை. வெப்பம் 38 டிகிரியைத் தாண்டியது. அடுத்த வருடம், 2025 மே மாதத்தில், அதே நகரில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, தென்மேற்குப் பருவமழையும் எட்டு நாள் முந்தி மே 24-ஆம் தேதியே கேரளத்தைத் தொட்டது. ஈரம் கூடினால் மாம்பழத்துக்குப் பழ ஈயும் கரும்புள்ளி நோயும் சேர்ந்தே வரும். அந்த ஜூனில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் வெளிமாநிலத் தோத்தாபுரிக்குத் தடை போட, ஸ்ரீனிவாசபுராவில் விலை சரிந்தது. உழவர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். மத்திய அரசு குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று விலை வைத்து, இரண்டரை லட்சம் டன் வரை இழப்பை ஈடுசெய்ய முன்வந்தது. காற்றுக்குப் பயந்து காயை முன்கூட்டியே பறிப்பதா, விலைக்காகக் காத்திருப்பதா என்று தோப்புக்காரர் தவிக்கும் தவிப்பை இந்த ஒரு பருவம் நன்றாகவே காட்டியது.

தக்காளிக்கு வேறு மாதிரி ஆபத்து. கோலார் மண்டி நாட்டின் மிகப் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. குச்சி நட்டு, கம்பி இழுத்து, செடியைக் கட்டி நிறுத்தும் பயிர் அது. காய்த்த செடி கனமாக இருக்கும்போது சூறைக்காற்று அடித்தால் வரிசை வரிசையாகச் சாயும். ஏப்ரல், மே நாற்றுக்கு நேரும் கேடு ஜூலைச் சந்தையில் தெரியும். 2023 ஜூலையில், வரத்து வற்றிப்போய், 15 கிலோ பெட்டி இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். குடைமிளகாய் வளர்க்கும் பாலிஹவுஸ்களின் பிளாஸ்டிக் கூரை ஒரே காற்றில் கிழிந்துபோகும். ஆலங்கட்டி கிழித்த மல்பெரி இலை பட்டுப்புழுவுக்கு ஆகாது.

இவை எல்லாம் பொருள் நஷ்டம். மின்னல் உயிரையே எடுக்கிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்னல் தாக்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. பெரும்பாலோர் வயலில் வேலை செய்பவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள். மழை வந்ததும் மாமரத்தடியில், புளியமரத்தடியில் ஒதுங்குவதுதான் பலரைக் கொல்கிறது. மரத்தில் இறங்கும் மின்சாரம் பக்கவாட்டில் மனிதருக்குத் தாவும், மண்ணில் பரவி கால் வழியாகவும் ஏறும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகமுள்ள மாடுகள் மரத்தடியில் கூட்டமாகச் சாவது அதனால்தான். கால்நடையை மரத்தில் கட்டக் கூடாது.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்க வேண்டும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கான்கிரீட் வீட்டுக்குள் போய்விட வேண்டும். கதவடைத்த காரும் பாதுகாப்புதான். சுவரில்லாத தகரக் கொட்டகை பாதுகாப்பில்லை. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும். பம்புசெட் ஸ்விட்சைத் தொடக் கூடாது. எங்கும் ஒதுங்க வழியில்லையென்றால் மரத்தை விட்டு விலகி, இரு பாதத்தையும் ஒட்டி வைத்துக் குந்தி உட்கார வேண்டும், படுக்கக் கூடாது. மின்னல் பட்டவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. பயப்படாமல் தொட்டு, மூச்சு நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்யலாம்.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி 20, 40 கிலோமீட்டர் தொலைவுக்குள் வெட்டும் மின்னலைக் காட்டும். செல்போன் கையில் இல்லாதவருக்கு இன்னொரு வழி, நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் இந்த வானொலியே. மத்திய அலைவரிசையில் வைத்தால், பக்கத்தில் மின்னல் வெட்டும் ஒவ்வொரு முறையும் ‘கரகர’ என்று சத்தம் வரும். அது நெருங்கி நெருங்கிக் கேட்டால் தோட்டத்தை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்.

ஆலங்கட்டியைப் பீரங்கி வெடித்துக் கலைக்கலாம் என்று சிலர் கருவிகளை விற்கிறார்கள். ஆஸ்திரியாவில் 1890-களிலேயே தொடங்கிய ஆசை அது. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று உலக வானிலை அமைப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. கோலார் உழவர் அதில் பணம் போட வேண்டாம். பலன் தருவது வலைதான். இமாச்சலப் பிரதேசத்தில் ஆப்பிள் தோட்டங்களுக்கு அரசு மானியத்தில் வலை கிடைக்கிறது, இங்கே காய்கறிக்கும் அந்த உதவி வர வேண்டும். வளர்ந்த மாமரத்துக்கு வலை போட முடியாது. காற்று வரும் பக்கத்தில் சவுக்கோ சில்வர் ஓக்கோ இரண்டு வரிசை நட்டால், மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் தணியும். தைலமரத்தை மட்டும் நினைக்கவே வேண்டாம். நிலத்தடி நீரைக் குடித்துவிடுகிறது என்று 2017-இல் கர்நாடக அரசே புதிய நடவைத் தடை செய்தது.

கடைசியாகக் காப்பீடு. மாம்பழத்துக்கான வானிலை அடிப்படைத் திட்டத்தில் இழப்பீடு, வானிலை மானியின் பதிவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மழையும் காற்றும் மானியில் பதிவாகும், ஆலங்கட்டி பதிவாகாது. அதற்குத் தனிச் சேர்க்கை இருக்கிறதா என்று பிரீமியம் கட்டும்போதே கேட்டுவிட வேண்டும். ஆலங்கட்டிச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால்தான் தனி வயலுக்கு ஆய்வு வரும். 14447 என்ற எண்ணிலோ, ஹோப்ளியில் உள்ள ரைத்த சம்பர்க்க கேந்திரா என்ற உழவர் தொடர்பு மையத்திலோ, கடன் வாங்கிய வங்கியிலோ சொல்லலாம். கட்டி அரை மணி நேரத்தில் கரைந்துவிடும். இடி அடங்கி வெளியே போகலாம் என்றானதும், தரையில் கிடக்கும் கட்டியையும், காய் விழுந்த மரத்தடியையும், சர்வே எண் கல் தெரியும்படி படம் எடுத்து, புகார் எண்ணை நிலப் பத்திரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.