உப்பிலிருந்து பிளாஸ்மா வரை
(மரக்காணத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



‘பருப்பொருளின் நான்காவது நிலை எது?’ என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு நம் மாணவர்கள் ‘பிளாஸ்மா’ என்று சரியாக எழுதிவிடுகிறார்கள். வாயு எப்படிப் பிளாஸ்மா ஆகிறது என்று கேட்டால் வகுப்பறை அமைதியாகிவிடுகிறது. உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் இப்பகுதியில் அந்த விளக்கத்தை உப்பிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு சிட்டிகை உப்பைச் சுடரில் காட்டுங்கள்; மஞ்சள் ஒளி தெரியும். சோடியம் அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஏறத்தாழ 2.1 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் பெற்று மேல்நிலைக்குச் சென்று, திரும்பி இறங்கும்போது அந்த ஒளியை உமிழ்கிறது. அதே எலக்ட்ரான் அணுவைவிட்டே வெளியேற 5.14 எலக்ட்ரான்வோல்ட் தேவை. அப்படி வெளியேறிய எலக்ட்ரான்களும் அயனிகளும் போதிய அளவில் கலந்திருக்கும் வாயுவே பிளாஸ்மா. இந்த வேறுபாட்டை மாணவர் மனத்தில் பதிய வைப்பதே முதற்படி.

எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் அயனியாகும்? 1920இல் இதற்குச் சமன்பாடு தந்தவர் மேகநாத் சாகா. டாக்கா அருகே ஒரு சிற்றூரில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். தம் கொள்கையைச் சோதித்துப் பார்க்க, பெர்லினில் நெர்ன்ஸ்ட்டின் ஆய்வகம்வரை சென்றார். பின்னர் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1927இல் சோதனைச் சான்றை வெளியிட்டார்.

1989இல் காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கிய ‘ஆதித்யா’ டோகாமாக்கை இயக்கியது. வளைய வடிவக் கலத்திலிருந்து பம்புகள் மூலம் காற்றை வெளியேற்றி, மிகச் சிறிதளவு ஹைட்ரஜனைச் செலுத்துவார்கள். மின்மாற்றித் தத்துவத்தால் கலத்துக்குள் மின்புலம் தூண்டப்படும். ஏற்கெனவே உள்ள ஒருசில எலக்ட்ரான்கள் வேகம் பெற்று மோத, மேலும் எலக்ட்ரான்கள் வெளிப்பட்டுப் பெருகும். உருவாகும் பிளாஸ்மா சுவரில் படாதபடி காந்தப்புலம் தாங்கிப் பிடிக்கும்.

காற்றை ஏன் வெளியேற்ற வேண்டும்? அழுத்தம் மிகுந்தால் எலக்ட்ரான் வேகம் பெறுமுன்பே மோதி ஆற்றலை இழந்துவிடும். அழுத்தம் மிகவும் குறைந்தாலோ மோதுவதற்கு அணுக்களே போதா. இடைப்பட்ட அளவைக் கண்டறிவதுதான் கருவி அமைப்பவரின் திறமை.

உயர் மின்னழுத்தக் கருவியைப் பள்ளியில் செய்து பார்க்க முயல வேண்டாம். அது உயிருக்கு ஆபத்து. பழைய டியூப் லைட் ஒன்று எரிந்தால் போதும். குறைந்த அழுத்தத்தில் ஆர்கானும் பாதரச ஆவியும் அதற்குள் பிளாஸ்மாவாக இருக்கின்றன. அதைக் காட்டி, ‘உள்ளே ஏன் இவ்வளவு குறைவாக வாயு வைத்தார்கள்?’ என்று கேளுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு பாடவேளை முழுவதும் மாணவர்கள் வாதிடட்டும். கருவி இல்லாத பள்ளியிலும் ஆய்வு மனப்பான்மை அங்கிருந்தே வளரும்.