வயலுக்கு மாற்றிய வண்டி சாலைக்கு ஆகுமா?

(சிதம்பரம் வட்டார உழவர் பயிற்சி முகாமில் வேளாண் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நமது கடலூர், சிதம்பரம் பகுதிகளில் மாடு பூட்டிச் சேற்றுழவு செய்வோர் இன்று மிகச் சிலரே. வீராணம் ஏரிப் பாசனத்திலும் கீழணைப் பாசனத்திலும் சம்பாவுக்கு நிலம் தயாரிக்க டிராக்டரையே நம்பியிருக்கிறோம். புதிய டிராக்டருக்குப் பல லட்சம் ரூபாய் வேண்டும். ஆகவே மூன்று, நான்கு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பழைய டிராக்டரை நாடுவது இயற்கையே. ஆனால் அப்படிக் கைமாறி வரும் வண்டிகளில் பல, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த உருவில் இருப்பதில்லை. எஞ்சின் மாறியிருக்கும், முன் அச்சு மாறியிருக்கும், பின் சக்கரத்தோடு கேஜ் வீல் சேர்ந்திருக்கும். சேற்றில் இறங்கி உழும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. தார்ச்சாலையில் ஏறியதும் அதே டிராக்டர் ஒரு மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. இன்று நான் சொல்ல வந்த செய்தி ஒன்றுதான்: வண்டியும் அதன் பதிவுச் சான்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நமக்கு நட்டமே.

முதலில் எண்களைப் பாருங்கள்

பழைய டிராக்டர் வாங்கப் போகும்போது நாம் டயரைப் பார்க்கிறோம், புகையைப் பார்க்கிறோம், ஹைட்ராலிக் தூக்குகிறதா என்று பார்க்கிறோம். இவை யாவும் தேவையே. எனினும் இவற்றுக்கு முன்பாக ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எண் பொறித்த இடத்தில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் பதியும். ராவியோ மீண்டும் தட்டியோ இருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும். எண் பொருந்தாத வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து, வண்டியின் பதிவு நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். சொந்த விவசாய உபயோகத்துக்கான டிராக்டரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆய்வுக்குக் காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்குரியது படிவம் 25. பதிவு முடிந்த வண்டியை வாங்கினால், புதுப்பிக்கும் செலவும் அதற்காகச் செய்ய வேண்டிய பழுது வேலையும் உங்கள் தலையில்தான் விழும். வங்கிக் கடன் தீர்ந்ததா என்பதையும் புத்தகமே காட்டும். கடன் தீர்ந்திருந்தால் வங்கி கையொப்பமிட்ட படிவம் 35 இருக்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தும் இவ்விவரங்களைச் சரிபார்க்கலாம்.

எந்த மாற்றம் ஆகும், எது ஆகாது?

1939ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். இது 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 52ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படைத் தன்மை மாறும்படி அதன் அமைப்பில் செய்யும் மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. தயாரிப்பாளர் கொடுத்து, பதிவுச் சான்றில் ஏறிய விவரத்துக்கு முரணாக மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு வந்த திருத்தத்தின்படி, விதிக்குப் புறம்பாக மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. சுழல் கலப்பை, சட்டிக் கலப்பை, பரம்புப் பலகை போன்றவை கழற்றி மாட்டும் கருவிகள். இவற்றால் டிராக்டரின் அடிப்படை மாறுவதில்லை. பின் சக்கரத்தின் வட்டைத் திருப்பிப் போட்டு இடைவெளியைக் கூட்டுவதும் தயாரிப்பாளரே அமைத்துக் கொடுத்த வசதிதான். ஆனால் வேறு கம்பெனி எஞ்சினை ஏற்றுவது, சட்டத்தை வெட்டி நீட்டுவது, முன் அச்சை வேறு வண்டியிலிருந்து எடுத்துப் பற்றவைப்பது ஆகியவை அப்படியல்ல. எஞ்சின் பழுதாகி மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பதிவு அதிகாரியின் அனுமதியை முன்னரே பெற்று, புதிய எண்ணைப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். டிராக்டர் மேல் பொருத்திய அறுவடை இயந்திரத்தை வாங்குவோர், அது புத்தகத்தில் எவ்வாறு பதிவாகியுள்ளது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்பே விலை பேசவும்.

கேஜ் வீல்

நமது களிமண் வயலில் கேஜ் வீல் இல்லாமல் டிராக்டர் புதைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அதன் இடம் வயல்தான். சாலையில் ஓடும் வண்டிக்குக் காற்றடைத்த டயரே இருக்க வேண்டும் என்பது விதி. வெறும் இரும்புச் சக்கரத்தோடு போனால் நாமே கேட்டுப் பெற்ற ஊர்ச்சாலை ஒரே பருவத்தில் பெயர்ந்துவிடும். டயரோடு சேர்த்து மாட்டும் அரைக் கேஜ் வீலும் தீங்கானதே. வண்டியின் அகலம் கூடுவதால் எதிரே இருட்டில் வருபவருக்கு அந்த இரும்பு விளிம்பு தெரியாது. ஆகவே கேஜ் வீலை டிரெய்லரில் ஏற்றிச் சென்று வயல் மேட்டில் மாட்டுங்கள். அரைமணி நேரம் கூடுதலாகும். ஓர் உயிர் தப்பும்.

டிரெய்லரும் பிரேக்கும்

டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு, தனிக் காப்பீடு உண்டு. டிராக்டருக்கு மட்டும் காப்பீடு செய்து ஓட்டுவோர் பலர். டிரெய்லர் மோதினால் அது போதாது. டிராக்டரின் எண்ணை டிரெய்லரின் பின்புறத்திலும் எழுத வேண்டும். நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிச் செல்வோர், பின்பக்கம் சிவப்பு விளக்கும் ஒளிபிரதிபலிக்கும் பட்டையும் கரும்புத் தோகையால் மறையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயலில் திருப்புவதற்காக இடது, வலது பிரேக் மிதிகளைப் பிரித்து வைத்திருப்போம். சாலை ஏறுமுன் இரண்டையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். மறந்தால், ஓட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து டிராக்டர் கவிழும். மட்கார்டில் ஆட்களை உட்காரவைத்துச் செல்லும் வழக்கத்தையும் விட வேண்டும். டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை. தவிரவும், விவசாயத்துக்கெனப் பதிந்த வண்டியில் செங்கல்லும் மணலும் வாடகைக்கு ஏற்றினால், விபத்து நேர்ந்தபின் காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிடக்கூடும்.

பெயர் மாற்றம் மிக அவசியம்

சில ஆண்டுகளுக்கு முன் உழவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தம் பழைய டிராக்டரைத் தரகர் மூலம் விற்று, வெற்றுப் படிவங்களில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். வண்டி இரண்டு கை மாறியது. யாரும் பெயரை மாற்றவில்லை, காப்பீடும் கட்டவில்லை. ஓர் இரவு அந்த டிராக்டர் இருசக்கர வண்டியில் வந்தவர் மீது மோதிவிட்டது. நீதிமன்ற அறிவிப்பு இவர் வீட்டுக்கு வந்தது. “வித்து மூணு வருஷம் ஆச்சுங்களே ஐயா, எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். அவருக்கு நான் ஆறுதல் சொல்லத்தான் முடிந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியுள்ளது. அந்த வழக்கிலும் வண்டி பல கை மாறியிருந்தது. அவ்வுழவர் கடைசியில் நிலத்தை அடகு வைக்க நேர்ந்தது.

ஆகவே விற்பவர் 14 நாட்களுக்குள் படிவம் 29இலும், வாங்குபவர் 30 நாட்களுக்குள் படிவம் 30இலும் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். இருவரும் சேர்ந்தே அலுவலகம் சென்று வருவது நல்லது. தகப்பனார் காலமான பின்பும் அவர் பெயரிலேயே ஓடும் டிராக்டர்கள் நம் ஊர்களில் பல உண்டு. அவற்றுக்குரியது படிவம் 31.

வெளிமாநில வண்டிகள்

இப்போது இளைஞர்கள் சிலர் மாற்றியமைத்த ஜீப்புகளில் ஆசை கொள்கிறார்கள். அரியானா மாநிலத்தில் மண்டி டப்வாலி என்னும் ஊர் இத்தகைய ஜீப்புகளுக்குப் பேர்போனது. பார்வைக்கு அவை கம்பீரமானவைதாம். ஆனால் புத்தகத்தில் ஓர் உருவமும் எதிரில் வேறோர் உருவமும் இருந்தால், நம் ஊர் மோட்டார் வாகன ஆய்வாளர் முன் அது நிற்காது. எந்த வெளிமாநில வண்டிக்கும் படிவம் 28இல் தடையில்லாச் சான்று வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கடலூரின் டி.என். 31 அல்லது சிதம்பரத்தின் டி.என். 91 என நம் மாநில எண் பெற வேண்டும். அப்போது ஆய்வு உண்டு என்பதை மறவாதீர்கள்.

உழவர் பெருமக்களே, ஆண்டில் சில நாட்களே டிராக்டர் தேவைப்படுவோர் வாங்கத்தான் வேண்டுமென்பதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களை உழவன் செயலி வழியாகப் பதிந்து பெறலாம். வாங்கியே தீர வேண்டுமென்போர், விலை பேசும் நாளன்றே விற்பவரையும் அழைத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்லுங்கள். ஒரு நாள் வேலை கெட்டாலும், பாடுபட்டுச் சேர்த்த நிலம் உங்கள் கையை விட்டுப் போகாது.