பெட்ரோல் மானியமும் வாகன லைசென்ஸும்

(கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் ஆற்றிய உரை)



பால்வெட்டுக்குச் செல்லும் மோட்டார் சைக்கிளின் டாங்கி ஏறக்குறைய 4 லிட்டர் பெட்ரோல் கொள்ளும். அந்த 4 லிட்டரின் விலையைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

எண்ணெய் விலையில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்றுக்கொள்வதே மானியம். பல்லாண்டுகளாக அது லிட்டர் கணக்கில் வழங்கப்பட்டது. ஆகவே அதிகம் எரித்தவருக்கே அதிகம் கிடைத்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் நெரிசலில் நிற்கும் பெரிய கார் பெற்றதில் சிறு பங்கே நமது மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. அயல்நாட்டவரும் கடத்தல்காரரும்கூட அதனால் பயனடைந்தனர்.

ஆயினும் மானியத்தை ஒரேயடியாகக் குறைப்பது எளிதன்று. 2008 ஜூன் 5-ஆம் நாள் பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசாக ஏறிற்று. அதற்கு முதல்நாள் இரவு கிள்ளான் பள்ளத்தாக்கின் எண்ணெய் நிலையங்களில் நின்ற வரிசையைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். இந்தியா 2010-இல் பெட்ரோல் விலையையும், 2014-இல் டீசல் விலையையும் சந்தையிடமே விட்டுவிட்டது. இலங்கையிலோ 2022-இல் அந்நியச் செலாவணி தீர்ந்து எண்ணெயே அரிதாயிற்று. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர் என்று பங்கிட்டார்கள்.

நம் நாட்டில் முதலில் டீசல் மானியமே மாற்றப்பட்டது. 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாயிற்று. கிள்ளான் துறைமுகத்திலிருந்து சாமான் ஏற்றிவருவன போன்ற சரக்கு லாரிகள் பதிவு செய்துகொண்டால் பழைய விலையே நீடித்தது. இல்லையேல் அந்தச் சுமை நம் கடைக்கணக்கில் ஏறியிருக்கும்.

2025 செப்டம்பர் 30-இல் ‘புடி 95’ திட்டம் குடிமக்கள் அனைவருக்கும் வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு மாதம் 300 லிட்டர் வரை, லிட்டர் 1 வெள்ளி 99 காசு. தகுதியற்றோருக்கு 2 வெள்ளி 60 காசு. அதாவது, 4 லிட்டருக்கு 7 வெள்ளி 96 காசு கொடுப்பவர் அருகிலேயே, 10 வெள்ளி 40 காசு கொடுப்பவரும் நின்றார்.

இங்கேதான் கவனம் வேண்டும். மைகார்டு மட்டும் போதாது. செல்லுபடியாகும் வாகன லைசென்ஸும் வேண்டும். மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதுமானது. தோட்டச் சாலைதானே என்று லைசென்ஸ் எடுக்காதவர் உண்டு. காலாவதியானதைப் பெட்டியில் வைத்திருப்பவரும் உண்டு. புதுப்பிக்கப் பட்டணத்துக்கு அலைய வேண்டியதில்லை, தபால் நிலையத்திலேயே செய்யலாம்.

சிவப்பு அடையாளக் கார்டு உடையோருக்கு இச்சலுகை இல்லை. பாட்டன் காலந்தொட்டு இம்மண்ணில் பால்வெட்டிய குடும்பங்களிலும் அத்தகையோர் உள்ளனர் என்பது நமக்கும் வருத்தமே. இதுவரை குடியுரிமைக்கு மனுச் செய்யாதோர் பிறப்புப் பத்திரம் முதலியவற்றுடன் தேசியப் பதிவு இலாகாவை அணுகலாம். மனுப் பாரம் நிரப்ப உதவி வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் வாருங்கள்.