வேலை கேட்கும் உரிமை

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் கூடியிருக்கும் இக்கண்டி மாநகர் ஒரு காலத்தில் அரசர்களின் தலைநகர். அன்று இராசகாரியம் என்றொரு முறை இருந்தது. நிலத்தை அனுபவித்த குடியானவன் அதற்கு ஈடாக அரசனுக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டிருந்தான். ஆங்கிலேயர் ஆட்சியிலும் நீடித்த அக்கட்டாய ஊழியம் 1832ஆம் ஆண்டில் ஒழிந்தது. “வேலைக்கு வா” என்று குடியானவனுக்கு அரசு கட்டளையிட்ட காலம் அது. “வேலை கொடு” என்று அரசிடம் குடியானவன் சட்டப்படி கேட்கும் காலமும் பின்னர் வந்தது.

பாரத நாட்டில் மகாராஷ்டிர மாநிலம் 1977இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 2005இல் பாரதப் பாராளுமன்றமே கிராமக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டில் 100 நாள் வேலை என்று உறுதி கூறிற்று. 2006இல் 200 மாவட்டங்களில் தொடங்கிய அத்திட்டம் 2008இல் நாட்டின் கிராமப்புறமெங்கும் பரவியது. தமிழகத்தில் ‘நூறு நாள் வேலை’ என்று பெயர் பெற்ற இதில் ஏரி குளங்களைத் தூர் வாரியோரில் பெரும்பாலோர் பெண்களே. 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக 125 நாள் எனக் கூறும் புதுச் சட்டம் நிறைவேறியது.

ஆனால் இத்தகைய சட்டத்தின் உயிர் நாட்களின் தொகையில் மட்டும் இல்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை கேட்டு மனுக் கொடுத்தவருக்குத் தேதியிட்ட பற்றுச்சீட்டு வேண்டும். 15 நாட்களுக்குள் வேலை வேண்டும். இல்லையேல் வேலையில்லாப் படி வேண்டும். செய்த வேலைக்குக் கூலியும் 15 நாட்களுக்குள் வரவேண்டும். ஏட்டில் இவ்வாறிருந்தும் பல இடங்களில் கூலி மாதக்கணக்கில் தாமதமாயிற்று. பற்றுச்சீட்டுக் கிடையாதவருக்குப் படி கேட்கவும் ஆதாரமில்லாமற் போயிற்று.

பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையிலே இறைவன் படிக்காசு அருளிய வரலாற்றை நாம் அறிவோம். கைத்தொண்டு செய்த அப்பரடிகளின் காசு உடனே செல்லுபடியாயிற்று. சம்பந்தப் பெருமானின் காசுக்கு வட்டம் கேட்கப்பட்டமையால் அவர் மடத்தில் அடியார்க்கு அமுது தாமதித்தது. உழைத்தவன் காசு தாமதிக்கலாகாது என்பதே நாம் அதிலிருந்து கொள்ளும் பாடம்.

நமது நாட்டில் இத்தகைய சட்டம் இன்னும் இல்லை. நாளை வருமாயின், கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களின் லயத்துக் குடும்பம் ‘கிராமக் குடும்பம்’ என்ற சொல்லுக்குள் அடங்குமா? இக்கேள்வி வீண் கற்பனையன்று. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைத் தடையின்றிச் செலவிட இடமிருக்கவில்லை. அது திருந்த 2018ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு சொல்லின் வரையறைக்கு 31 ஆண்டுகள்!

ஆகையால் இளைஞர்களே, சட்டம் வரட்டும் என்று நாம் வாளாவிருத்தல் தகாது. தோட்டத்து மக்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் மனு எழுதிக் கொடுப்போம். தேதியிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கப் பழக்குவோம். பொதுப்பணத்தின் கணக்கைச் சபையிலே வாசிக்கும்படி பணிவோடும் உறுதியோடும் கேட்போம். கோயில் வீதியைத் துப்புரவு செய்யும் உழவாரப் பணியைப் போல இதுவும் தொண்டேயாகும்.